அவப்பெயரால் ஒருமுறை, புகழால் ஒருமுறை: பினாங்குச் சூலியாத் தெருவின் கதை



திருவாரூரிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில் கூத்தாநல்லூரைக் கடந்து செல்லும் எவரும் அவ்வூரின் வீடுகளை ஒருகணம் நின்று பார்க்காமல் போவதில்லை. சுற்றிலும் நெல்வயல், நடுவே மாடமாளிகைகள். ‘சின்ன சிங்கப்பூர்’ என்று அவ்வூருக்குப் பெயர் வந்ததன் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. கூத்தாநல்லூர் மட்டுமன்று, பொதக்குடி, அடியக்கமங்கலம், முத்துப்பேட்டை, நாகூர் என்று காவிரிக் கழிமுகத்தின் முஸ்லிம் ஊர்கள் பலவும் கடல்கடந்த உழைப்பால் எழுந்தவை. சபுருக்குப் போன ஆண்களின் பணம் இங்கே சுவராயிற்று, தேக்குக் கதவாயிற்று, பள்ளிவாசலின் மினாரா ஆயிற்று.

அந்தச் சபுராளிகள் அக்கரையில் எத்தகைய இடத்தில் வாழ்ந்தார்கள் என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை. கடையின் மாடியில் பாய் விரித்து, ஒரே அறையில் பத்துப் பேர் உறங்கி, ஊருக்குப் பணம் அனுப்பிய மனிதர்கள் அவர்கள். அவர்கள் குடியிருந்த தெருக்களை அன்றைய அரசு அசுத்தம் என்று எழுதியது. அதே தெருக்களை இன்றைய உலகம் பாரம்பரியம் என்று கொண்டாடுகிறது. இன்று சுற்றுலா செல்லும் நம் பிள்ளைகள் பினாங்கின் பழந்தெருக்களில் ஓவியம் தீட்டிய சுவர்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தம் பாட்டனார் படுத்துறங்கிய மாடி அதே வரிசையில் இருந்திருக்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லுவார் இல்லை. அந்த வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காக்காமார் குடியேறிய இடம்

1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஃபிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பினாங்குத் தீவில் கொடியேற்றினார். அதற்கு நெடுங்காலம் முன்பே நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டைத் துறைமுகங்களிலிருந்து மரைக்காயர் கப்பல்கள் துணி ஏற்றிக்கொண்டு எதிர்க்கரையிலிருந்த கெடா நாட்டுக்குச் சென்றுவந்தன. கெடாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம்களும் இருந்தனர். தீவு திறக்கப்பட்டதும் அவர்கள் இங்கே பெயர்ந்தனர். ‘சூலியா’ என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். ஏறத்தாழ ஆயிரம் பேர் குடியேறிவிட்டனர் என்றும், ஒவ்வோர் ஆண்டும் கப்பல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து உழைத்துச் சிறுபொருள் ஈட்டித் திரும்புகின்றனர் என்றும், அவர்கள் இடத்தை வேறு சிலர் வந்து நிரப்புகின்றனர் என்றும் லைட் தம் அறிக்கையில் பதிவு செய்திருக்கிறார். போவதும் வருவதுமான நம் சபுராளி வாழ்க்கை அன்றே அந்த வடிவத்தைப் பெற்றுவிட்டது.

1801ஆம் ஆண்டு பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த காதர் முஹ்யித்தீன் என்பாரை ஆளுநர் ஜார்ஜ் லீத் சூலியாக்களின் தலைவராக, அதாவது ‘கப்பித்தான் கெலிங்’ ஆக அமர்த்தினார். பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலமும் வழங்கப்பட்டது. அங்கே எழுந்ததே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சிறிது தொலைவில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஒரு தர்காவும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. காதர் முஹ்யித்தீன் 1834இல் மறைவதற்கு முன் தம் சொத்தில் ஒரு பகுதியை வக்ஃபாக எழுதிவைத்தார்.

பள்ளிவாசலைச் சுற்றிய வக்ஃபு நிலத்தில் மெல்ல ஒரு குடியிருப்பு உருவாயிற்று. மலாய் மொழியில் சிற்றூருக்குக் கம்போங் என்று பெயர். பள்ளிவாசலின் குளத்தை ஒட்டிய பகுதி கம்போங் கோலம்; ‘கோலம்’ என்பது மலாயில் குளத்தைக் குறிக்கும் சொல். பள்ளிக்குப் பின்புறம் கம்போங் காக்கா. மூத்த சகோதரரை நாகூரில் நானா என்போம். அதிராம்பட்டினத்திலும் காயல்பட்டினத்திலும் காக்கா என்பார்கள். உறவுமுறைச் சொல்லே ஒரு தெருவின் பெயராகி, இன்றும் பினாங்கின் வரைபடத்தில் நிற்கிறது.

பெயர் கெட்ட விதம்

இத்தகைய இடத்துக்கு அவப்பெயர் எவ்வாறு வந்தது?

முதற்காரணம் கலவரம். 1867ஆம் ஆண்டு ஆகஸ்டில் பினாங்கு நகரம் பத்து நாள்கள் பற்றியெரிந்தது. சீனரின் இரு இரகசியச் சங்கங்கள் மோதிக்கொண்டன. அவற்றோடு முஸ்லிம்களின் செங்கொடிச் சங்கமும் வெண்கொடிச் சங்கமும் எதிரெதிராக அணிசேர்ந்தன. முஹர்ரம் ஊர்வலங்களை நடத்தும் குழுக்களாகத் தொடங்கிய கொடிச் சங்கங்கள் காலப்போக்கில் தெருச் சண்டைக்கு ஆள்சேர்க்கும் அமைப்புகளாக மாறியிருந்தன. மறுஆண்டு விசாரணை ஆணையம் அறிக்கை தந்தது. அதன்பின் அரசின் பார்வையில் இத்தெருக்கள் கண்காணிப்புக்குரிய இடங்கள் ஆயின. இதில் நம்மவர்களுக்குப் பங்கில்லை என்று சொல்வது வரலாற்றுக்கு உண்மையாக இராது.

இரண்டாவது காரணம் நெரிசல். 1907இல் பேராசிரியர் சிம்ப்சன் சிங்கப்பூரின் கடைவீடுகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, காற்றும் ஒளியும் புகாத அறைகளில் தொழிலாளர்கள் அடைந்து கிடப்பதை விரிவாகச் சொன்னது. பினாங்கின் நிலையும் வேறுபட்டதன்று. ஒரே ஆண்டில் ஆயிரம் பேர் வந்திறங்கும் துறைமுகத்தில், குறைந்த கூலிக்கு உழைப்பவன் எவ்வளவு இடத்துக்கு வாடகை தர முடியும்? நெரிசலின் வேர் கூலியில் இருந்தது. அறிக்கைகளோ அதனை அங்கு வாழ்ந்தோரின் பழக்கமாகவே பெரும்பாலும் கண்டன.

மூன்றாவது காரணம் ஒரு சொல்லின் கதை. ‘கெலிங்’ என்பது கலிங்கம் என்பதிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பழஞ்சொல். ஒருகாலத்தில் இந்தியக் கரையிலிருந்து வந்த எவரையும் இயல்பாகக் குறித்தது. தலைவரின் பட்டத்திலும் பள்ளிவாசலின் பெயரிலும் மதிப்போடு இடம்பெற்றது. கூலித் தொழிலாளர் பெருகப் பெருக அதே சொல் இழிசொல்லாக மாறிற்று. இன்று மலேசியாவில் ஒருவரை அப்பெயரால் அழைப்பது அவமதிப்பு. சொல் மாறவில்லை, அச்சொல்லுக்குரியவர்கள் ஏழைகளாகத் தெரியத் தொடங்கியதும் பொருள் மாறிவிட்டது.

உள்ளே இருந்த வாழ்க்கை

அறிக்கைகளில் காணாத வேறொன்று அத்தெருக்களுக்குள் இருந்தது.

துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், தோங்காங் படகோட்டிகளும், நாணயம் மாற்றுவோரும், நூல் விற்பனையாளரும், சிறு வணிகரும் அங்கே சேர்ந்து வாழ்ந்தனர். புதிதாகக் கப்பலிறங்கியவன் கையில் ஊர்ப்பெயர் ஒன்று இருந்தால் போதும். படுக்க இடமும் முதல் வேலையும் கிடைத்துவிடும். மரணம் நேர்ந்தால் கஃபன் துணிக்கும் கபுருக்கும் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. வக்ஃபு நிலம் என்பதால் குறைந்த வாடகையில் குடியிருக்கவும் முடிந்தது. பள்ளிவாசல், குளம், கபுருஸ்தான், மதரஸா, கடை, குடியிருப்பு எல்லாம் நடந்துசெல்லும் தொலைவுக்குள் அமைந்த மஹல்லா அது.

தமிழுக்கும் அவ்விடம் தந்தது சிறிதன்று. நாகூர் குலாம் காதிறு நாவலர் பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ என்னும் இதழை 1883இல் வெளிக்கொணர்ந்தார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட பெரும்புலவர் அவர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1887இல், மகுதூம் சாயபு சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ இதழைத் தொடங்கினார். கூலிகளின் கூடாரம் என்று பிறர் நினைத்த சமூகத்தில் இதழ் வாங்கிப் படிப்போரும், படிக்கத் தெரியாதவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவோரும் இல்லாமல் இவை பிறந்திருக்க முடியாது.

உணவையும் சொல்ல வேண்டும். தோளில் காவுதடி வைத்து, ஒருபுறம் சோற்றுப் பானையும் மறுபுறம் ஆணத்துப் பானையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளருக்குக் காலை உணவு விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். தோள்தடிக்கு மலாயில் கண்டார் என்று பெயர். அவர்கள் விற்ற உணவு ‘நாசி கண்டார்’ ஆயிற்று. 1907 முதல் நடந்துவரும் நாசி கண்டார்க் கடை ஒன்று பினாங்கில் இன்றும் உண்டு. கூலியின் காலைச் சோறாக இருந்தது, இன்று வெளிநாட்டார் வரிசையில் நின்று உண்ணும் உணவாகப் பெயர் பெற்றிருக்கிறது. ஆணத்தின் சுவை மாறியதால் அன்று. உண்பவர் மாறியதால் வந்த பெயர் அது.

முதல் வெளியேற்றம்

வக்ஃபு நிலங்களைப் பராமரித்தவர்களிடையே வழக்குகள் எழுந்தன. முறைகேட்டுப் புகார்களும் எழுந்தன. இதனை முன்னிட்டு ஆங்கில அரசு 1905இல் முஹம்மதிய, இந்து அறநிலையச் சட்டத்தை இயற்றி, அறநிலைய வாரியம் ஒன்றை அமைத்தது. பள்ளிவாசலின் சொத்து வாரியத்தின் கைக்குச் சென்றது. வாரியம் நிலத்தைச் சீராக்கவும் வருவாயைப் பெருக்கவும் முனைந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில் பள்ளிவாசலை ஒட்டியிருந்த வீடுகள் சுகாதாரக் கேடு என்ற பெயரில் அகற்றப்பட்டன. பக்கிங்ஹாம் தெரு என்ற புதுத்தெரு போடப்பட்டது. வாடகை தரும் கடைவீடுகள் வரிசையாக எழுந்தன. பள்ளிவாசலும் முகலாயக் கலைப்பாணியில் பெரிதாக்கப்பட்டது. இன்று நாம் வியந்து பார்க்கும் குவிமாடமும் விரிந்த புல்வெளியும் அந்த மாற்றத்தின் விளைவே.

வாரியம் கெட்ட எண்ணத்தோடு செயல்பட்டது என்று நான் சொல்லவில்லை. பள்ளிவாசலின் வருவாய் உயர்ந்தது, தெரு அகலமானது, காற்று வந்தது. இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. அல்லாஹ்வுக்காக ஒதுக்கிய நிலத்தில் குறைந்த வாடகைக்கு வாழ்ந்த எளியவர் அங்கிருந்து போனார். பள்ளிவாசல் அழகாயிற்று, அதன் வாசலில் வாழ்ந்த தொழுகையாளிகள் குறைந்தனர்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நிலம் கிடைத்தபோது அதனை என்ன செய்வது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். மூலத்தை விற்காமல் வைத்து, அதன் பலனை ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் விருந்தினருக்கும் அறமாக்கும் வழி காட்டப்பட்டது. வழிப்போக்கர் என்ற சொல்லை இங்கே நினைத்துப் பார்க்கலாம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து பாயில் படுத்த சபுராளியை விட வழிப்போக்கர் யார்? வக்ஃபின் வருவாய் எவ்வளவு என்பது ஒரு கணக்கு. அதன் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது இன்னொரு கணக்கு. முதற்கணக்கு சரியாக இருக்கும்போதே இரண்டாவது தவறிப்போகலாம் என்பதற்குப் பினாங்கு ஒரு சான்று.

மலிவு வாடகையின் காலம்

எஞ்சிய தெருக்களில் வாழ்க்கை தொடர்ந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பழைய கட்டடங்களின் வாடகையைச் சட்டம் கட்டுப்படுத்திற்று. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதனை நிலைநிறுத்தியது. 1948க்கு முந்தைய கட்டடங்களில் உரிமையாளர் நினைத்தபடி வாடகையை உயர்த்தவோ குடியிருப்போரை வெளியேற்றவோ இயலாது. வருவாயின்மையால் பலர் பழுது பார்ப்பதை நிறுத்தினர். ஓடு சரிந்தது, சுவரில் செடி முளைத்தது. 1969இல் தீவின் தீர்வையற்ற துறைமுகத் தகுதி நீக்கப்பட்டதும் வணிகமும் தளர்ந்தது. சூலியாத் தெரு பொலிவிழந்த பழந்தெரு என்றும், குறைந்த செலவில் தங்கும் வெளிநாட்டுப் பயணிகளின் தெரு என்றும் பெயர் பெற்றது.

வெளியிலிருந்து பார்த்தவர் அழுகும் நகரத்தைக் கண்டனர். உள்ளே வாழ்ந்தவருக்கோ அந்த ஒழுகும் கூரையே அரண். தையல்காரரும், புத்தகம் கட்டுபவரும், பெட்டிக்கடைக்காரரும், மசாலா அரைப்பவரும் நகரின் நடுவே நீடித்திருக்க அந்தக் குறைந்த வாடகையே காரணம். பின்னாளில் உலகம் வியந்த தெருவாழ்க்கையைக் காத்து வைத்தது அதுதான்.

புகழ் வந்தபின்

1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இடைக்கால ஏற்பாடு முடிந்து 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் வாடகை கட்டவிழ்ந்தது. பல தலைமுறை குடியிருந்தோர் புதிய வாடகை தர இயலாமல் வெளியேறினர். காலியான வீடுகள் பலவற்றில் உழவாரன் குருவிகள் குடியேற்றப்பட்டன. குருவிக் கூடு விலை மிக்க பண்டம் என்பதால் சன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவியோசை எழுப்பி அவற்றை வரவழைத்தனர். மனிதர் தர முடியாத வாடகையைப் பறவைகள் தந்தன. பின்னர் பாரம்பரியப் பகுதியிலிருந்து இக்கூடுகளை அகற்ற அரசு நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது.

2008ஆம் ஆண்டு ஜூலை 7 அன்று ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பாதுகாப்பு வளையமும் சேர்த்து ஜார்ஜ் டவுனில் ஏறத்தாழ 259 ஹெக்டேர் நிலம். பல சமயத்தாரும் பல மொழியினரும் அடுத்தடுத்து வாழ்ந்த உயிருள்ள மரபு என்பது அந்த மதிப்புக்கு முக்கியக் காரணம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் அந்த மரபின் தூண்களாகக் காட்டப்பட்டன. 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் என்னும் ஓவியர் சுவர்களில் வரைந்த சித்திரங்கள் உலகப் புகழ் பெற்றன. வெளியூர் முதலீட்டாளர் கடைவீடுகளை வரிசையாக வாங்கினர். அவை சிறு ஆடம்பர விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. பாரம்பரியப் பகுதியில் 2009இல் சுமார் பத்தாயிரமாக இருந்த குடிமக்கள் தொகை அடுத்த ஆண்டுகளில் மேலும் குறைந்தது.

இதில் நகைமுரண் ஒன்று உண்டு. நூறாண்டுக்கு முன் அசுத்தம் என்று பெயரிட்டு ஏழையை அகற்றினார்கள். இப்போது அழகு என்று பெயரிட்டதும் விலை உயர்ந்து, அதே ஏழை தானாகவே அகன்றான். வசதி படைத்தோர் வந்து தங்க, எளியோர் வெளியேறும் இந்நிகழ்வுக்கு இலண்டன் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964இல் ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று பெயர் தந்தார்; மேட்டுக்குடியாக்கம் என்று நாம் சொல்லலாம்.

பிற கரைகளில்

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் அல்-அப்ரார் பள்ளிவாசல் இருக்கிறது. 1827இல் ஒரு குடிசையாக எழுந்ததால் நம்மவர் அதனைக் ‘குச்சுப்பள்ளி’ என்றே அழைத்தனர். அதே தெருவில் நாகூர் தர்காவும் உண்டு. இரண்டும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாயின. ஒருகாலத்தில் கடலோரமாக இருந்த அத்தெருவைச் சுற்றி இன்று நிதி நிறுவனங்களின் வானளாவிய கட்டடங்கள். அங்கே குடியிருந்த சூலியாக்கள் எப்போதோ வேறிடம் போய்விட்டனர். வேலைக்கு வருவோரும் பயணிகளுமே இன்று பெரும்பாலும் அப்பள்ளியை நிரப்புகிறார்கள். குச்சு கல்லாயிற்று, குச்சுக்காரர் இல்லை.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் போ-காப் என்னும் முஸ்லிம் குடியிருப்பு வேறு பாடம் சொல்கிறது. அடிமைகளாகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் மலைச்சரிவு அது. வண்ணமயமான வீடுகளுக்காகப் புகழ் பெற்றதும் வரியும் விலையும் ஏறின. 2018இல் அம்மக்கள் தெருவில் இறங்கிப் போராடினர். நோன்பு திறப்பதையே சாலையில் அமர்ந்து நடத்தினர். 2019இல் அங்குள்ள இடங்கள் பல தேசியப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. விலையேற்றம் அதனால் நின்றுவிடவில்லை. ஆயினும் கட்டடத்தோடு மனிதரையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்ற குரலை அவர்களே எழுப்பினார்கள். சூலியாத் தெருவில் அக்குரல் வலுவாக எழுவதற்குள் காலம் கடந்துவிட்டது.

நம் வாசலில்

இக்கதையை நம் கழிமுகத்து ஊர்களுக்குக் கொண்டுவருவோம். நம் ஊர்களிலும் மாளிகைத் தெருவும் உண்டு, அதன் பின்னே ஓட்டு வீடுகளின் தெருவும் உண்டு. அந்தப் பின்தெருவைப் பற்றி நாம் எவ்வாறு பேசுகிறோம்? ‘அந்தத் தெருப் பிள்ளைகளோடு சேராதே’ என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதில்லையா? பெண் பார்க்கும்போது தெருவின் பெயரைக் கேட்டதும் முகம் மாறுவதில்லையா? பினாங்கில் நம் பாட்டனார் மீது பிறர் ஒட்டிய முத்திரையை, இங்கே நாம் நம் அண்டைவீட்டார் மீது ஒட்டுகிறோம்.

ஸூரத்துல் ஹுஜுராத் இத்தகைய பேச்சைத் தடுக்கிறது. ஒரு கூட்டம் மற்றொரு கூட்டத்தை இகழக் கூடாது, பட்டப்பெயர் சூட்டக் கூடாது, ஊகங்களை நம்பி நடக்கக் கூடாது, செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்று அந்த ஓர் அத்தியாயமே நமக்கு வரிசையாகக் கற்பிக்கிறது. தனிமனிதருக்கு மட்டுமன்றி ஒரு தெருவின் பெயருக்கும் இது பொருந்தும். அண்டைவீட்டாருக்குச் சொத்திலும் பங்கு வந்துவிடுமோ என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அண்டையாரைப் பற்றி வலியுறுத்திக்கொண்டே இருந்தார்கள் என்ற ஹதீஸை நாம் எல்லோரும் அறிவோம்.

செய்யக்கூடியவை சில உண்டு. நம் மஹல்லாவின் வக்ஃபுச் சொத்து எவ்வளவு, அதில் யார் குடியிருக்கிறார்கள், எவ்வளவு வாடகை என்பதை ஜமாஅத் உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். கடை வாடகையை உயர்த்தத் தீர்மானிக்கும் நாளில், அதனால் வெளியேறுபவர் யார் என்ற கேள்வியும் அதே கூட்டத்தில் எழ வேண்டும். பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது அதன் நிழலில் வாழும் ஏழைக் குடும்பங்களுக்கு இடம் ஒதுக்கிய பின்னரே வரைபடத்தில் கையெழுத்திட வேண்டும்.

இன்னொன்று நம் வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. மேல்மாடி அலமாரியில் பழைய கடவுச்சீட்டும், பினாங்கு முத்திரையிட்ட கடிதங்களும், கப்பல் சீட்டும் கிடக்கும். அவற்றில் ஒரு தெருப்பெயர் எழுதியிருக்கும். ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து சென்று திரும்பிய முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அத்தெருவில் எத்தனை பேர் ஓர் அறையில் இருந்தார்கள், யார் சோறு போட்டார்கள், முதல் வேலையை யார் வாங்கித் தந்தார்கள் என்று பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஏழைத் தெருக்களைப் பற்றி அதிகாரிகளின் அறிக்கையும் உண்டு, பயணிகளின் புகைப்படமும் உண்டு. அங்கே வாழ்ந்தவரின் சொல்தான் குறைவு. அந்தச் சொல் நம் வீடுகளில் இருக்கிறது. அதுவும் நாளுக்கு நாள் கபுருஸ்தானை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

அக்கரையில் பாயில் படுத்து நமக்கு மாளிகை எழுப்பிய அந்த முன்னோர்களின் கபுறுகளை வல்ல ரஹ்மான் ஒளிமயமாக்குவானாக. நம் அண்டையில் வாழும் எளியவர்களை நற்பெயரால் அழைக்கும் நாவையும், அவர்களுக்கு இடம் கொடுக்கும் நெஞ்சையும் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.